நீதிமன்றப் படியேறும் பிள்ளைகள்

"கோடு கச்சேரி என்று அலையாதே" என்பது நம்மூர்ப் பெரியோர் வாயில் எந்நாளும் கேட்கும் புத்திமதியாகும். ஒரு முழ எல்லைக்காக வழக்காடப் புறப்பட்டு, எல்லைக்கு உள்ளிருந்த காணியையும் விற்றுத் தீர்த்த குடும்பங்களின் கதைகளைச் சிறுவயதிலேயே நாம் கேட்டு வளர்ந்தோம். ஆயின், அதே பெரியோர் தம் ஊரிலே ஓர் அப்புக்காத்தோ பிறக்கிராசியாரோ இருந்துவிட்டால், அதனைத் தம் ஊருக்கே உரிய பெருமையாகப் பேசிக்கொள்வர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தின் பின்னர் அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் வேற்றுமை ஒழிந்து, யாவரும் சட்டத்தரணிகள் ஆயினர். பெயர் மாறியதேயன்றி, வழக்கைக் கண்டு அஞ்சுவதும் வழக்கறிந்தவரைக் கண்டு வியப்பதுமாகிய நமது இரட்டை மனம் மாறவில்லை.

உயர்தர வகுப்பிலே தமிழும் இந்து நாகரிகமும் கற்பிக்கும் எமக்கு, இந்த இரட்டை மனத்தோடு முகங்கொடுக்கும் சந்தர்ப்பங்கள் அடிக்கடி வாய்ப்பதுண்டு. மருத்துவமும் பொறியியலுமே கல்வி எனக் கருதும் நம் சமுதாயத்திலே, கலைப்பிரிவிற் பயிலும் பிள்ளை ஒன்று, "நான் சட்டம் படிக்கப் போகிறேன்" என்று கூறினால் வீட்டார் முதலில் மகிழ்கின்றனர். அப்பால், "படித்து முடித்து எப்போது உழைப்பாய்?" என்று வினவுகின்றனர். இரண்டும் நியாயமானவையே. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று தவித்த ஒரு குடும்பத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, இப்பொழுது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறையில் மூன்றாம் வருடம் பயில்கின்றாள். சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை அவளும் அவளுடைய தந்தையாரும் எம் இல்லத்திற்கு வந்தனர். தந்தையார் வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் கமக்காரர். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர். தேநீர் அருந்தி முடித்ததும், "மாஸ்டர், கனடாவிலை இருக்கிற இவளின்ரை மாமன், படிப்பை இதோடை நிற்பாட்டிப்போட்டு அங்கை வரச் சொல்லி நிற்கிறான். நீங்கள் சொன்னால் பிள்ளை கேட்பாள்" என்றார். மகளோ தலைகுனிந்தபடி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நீதி கேட்டு வந்தவரிடம் ஒரு பக்க வாதத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளித்தல் முறையன்று. இரு பக்கமும் கேட்டபின்னரே தீர்ப்பு என்பது சட்டக்கல்வியின் முதற் பாடம் மாத்திரமன்று. அதனைக் கைவிட்ட பாண்டியன் உயிர் துறந்தான் என்பதைச் சிலப்பதிகாரம் நமக்கு உணர்த்தியிருக்கிறது. ஆகவே நாம் மகளின் பக்கந் திரும்பி, "பிள்ளை, நீ இந்த மூன்று வருடமும் என்ன படித்தாய்? அதைச் சொல்லு முதலில்" என்றோம்.

அவள் பேசத் தொடங்கினாள். தொடக்கத்திற் கூச்சத்தோடும் பின்னர் தன்னை மறந்தும் பேசினாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் காணிச் சட்டமும் தேசவழமையுமாம். 1706 ஆம், 1707 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆட்சியிலே, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நம் மக்களின் வழமைகளைக் கேட்டறிந்து எழுதியதும், முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டதும், பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்ட வலுவளித்ததும் ஆகிய வரலாற்றை அவள் கூறினாள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன நம் வீடுகளில் நாம் நாடோறும் வழங்கும் சொற்கள். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டப் புத்தகங்களிலும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன என்பதைக் கண்டபோது, தன் பேத்தியாரைக் கொழும்பு நகரிற் சந்தித்ததுபோல் இருந்தது என்றாள். நாம் சிரித்தோம். தந்தையார் சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சேர், இன்னுமொன்று சொல்ல வேண்டும். சான்றுச் சட்டம் படிக்கும்போது நீங்கள் படிப்பித்த தடுத்தாட்கொண்ட புராணந்தான் எனக்கு ஞாபகம் வந்தது" என்று அவள் கூறியபோது எம் உள்ளம் பூரித்தது. ஆசிரியத் தொழிலில் கிடைக்கும் ஊதியங்களில் இதற்கு மேலானது வேறொன்று இல்லை.

அவள் கூறியது மெய்யே. சுந்தரருடைய திருமணப் பந்தரிலே முதிய வேதியராய் வந்த இறைவன், அவர் தமக்கு அடிமை என்று கூறி ஓலை ஒன்றைக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்தெறிகின்றார். வேதியரோ கிழிபட்டது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உண்டு என்றும் கூறித் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வழக்கைக் கொண்டுசெல்கின்றார். அங்குள்ளோர் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றில் ஒன்றினால் வழக்கை நிறுவுமாறு கேட்கின்றனர். மூல ஓலை வருகின்றது. அதிலுள்ள கையெழுத்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகின்றது. இரண்டும் ஒத்திருக்கவே, மணக்கோலத்தில் நிற்கும் இளைஞருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது.

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டமும், மூல ஆவணம் இருக்கும்போது படியை முதன்மையாகக் கொள்வதில்லை. ஐயத்துக்குரிய கையெழுத்தை ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்தோடு ஒப்பிடுவதற்கு இடமளிக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் ஓர் ஊரவையின் நடைமுறையாக இவற்றைப் பாடிவைத்தார் எனில், நம்மவர் நீதி விசாரணையை எத்துணை நுட்பமாக எண்ணியிருந்தனர் என்பது புலனாகும். பக்திக்காக மாத்திரம் நாம் படித்த புராணத்துள் ஒரு நீதிமன்றத்தையும் காண்பதற்கு, எமக்கு எம் மாணவியின் கண்கள் தேவைப்பட்டன.

பல்கலைக்கழக வாழ்வு என்பது விரிவுரை மண்டபத்தோடு முடிவதன்று. சட்ட மாணவர்க்கு மாதிரி நீதிமன்றப் போட்டிகள் உண்டு. கற்பனை வழக்கொன்றைக் கொடுத்து, வாதியின் பக்கம் சிலரும் எதிராளியின் பக்கம் சிலரும் நின்று வாதிடச் செய்வர். கம்பன் விழாக்களில் வாலிவதை பற்றியும் கைகேயி பற்றியும் வழக்காடு மன்றங்களைக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது எளிதாக இருக்கும் என்றே நாம் எண்ணக்கூடும். அவளோ வேறுவிதமாகக் கூறினாள். வழக்காடு மன்றத்திலே நாவன்மைக்குக் கைதட்டுக் கிடைக்கும், மாதிரி நீதிமன்றத்திலோ ஒரு நல்ல வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீதிபதியாக இருப்பவர் இடைமறித்து, "எந்தத் தீர்ப்பிலே அப்படிச் சொல்லியிருக்கிறது?" என்று கேட்பாராம். விடை தெரியாவிட்டால் மௌனமாக நிற்க வேண்டும். முதல் முறை அவ்வாறு நின்றபோது கண்ணீர் வந்தது என்றும், அடுத்த முறை தீர்ப்புகளின் பெயரும் ஆண்டும் பக்கமும் குறித்துக்கொண்டு சென்றதாகவும் கூறினாள். அழகாகப் பேசுவதற்கும் ஆதாரத்தோடு பேசுவதற்கும் உள்ள தூரத்தை நம் இளைஞர் அறிவதற்கு இதனினும் நல்ல பள்ளி கிடையாது.

சட்ட மாணவர் சங்கத்தின் வேலைகளிலும் அவள் பங்குகொள்கின்றாள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை நெடுங்காலமாகப் பீடித்துவரும் பகிடிவதையைக் குற்றமாக்கிய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தைப் புதிதாக வரும் மாணவர்க்கு எளிய தமிழில் விளக்குவது அவற்றுள் ஒன்று.

அவள் நின்று கற்கும் நிலத்தின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. திருநெல்வேலியிலே இன்று பல்கலைக்கழக வளாகமாக விளங்கும் இடத்தில், 1921 ஆம் ஆண்டில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் மன்றாடியார் நாயகமாகப் பதவி வகித்த சட்ட அறிஞர். பெண்பிள்ளைகளுக்கென 1913 ஆம் ஆண்டிலே மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை அமைத்தவரும் அவரே. ஏட்டுச் சுவடிகளிற் செல்லரித்துக்கொண்டிருந்த கலித்தொகையை 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சட்டங் கற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். சட்டம் கற்றவர் பொருளீட்டுவர் என்பது மாத்திரமே நம் காதில் விழுகின்றது. அவர்கள் பள்ளிகளை எழுப்பியதும் தமிழைக் காத்ததும் நம் காதில் விழுவதில்லை.

இவ்வளவும் கேட்ட தந்தையார், "எல்லாம் நல்லதுதான் மாஸ்டர். ஆனால் இவள் வேலை பார்க்கப்போற இடத்தைக் கேளுங்கோ" என்றார். அவருடைய கவலையின் வேர் அப்பொழுதுதான் எமக்குப் புலப்பட்டது. மகள் கொழும்பிலே, புதுக்கடை நீதிமன்றங்களிலே, பெரிய சட்டத்தரணி ஒருவரின் கீழ் அமர்ந்து புகழீட்ட விரும்புவாளாயின் அவர் ஒருவேளை பொறுத்திருப்பார். அவளோ வன்னிப் பகுதியிலே ஒரு மாவட்ட நீதிமன்றத்திற் காணி வழக்குகளைப் பேசப் போவதாகவும், சில ஆண்டு அனுபவத்தின் பின் நீதிச்சேவைப் பரீட்சைக்குத் தோற்ற எண்ணியிருப்பதாகவும் கூறுகின்றாள்.

அதற்கான காரணத்தையும் அவளே கூறினாள். மாணவர் சிலர் விரிவுரையாளர்களோடு வன்னிக் கிராமம் ஒன்றுக்குச் சட்ட உதவி முகாமுக்காகச் சென்றிருந்தனர். அங்கே ஒரு தாய், பொலித்தீன் பையொன்றிலே மழையில் நனைந்து மை கலைந்த உறுதி ஒன்றைக் கொண்டுவந்தார். அது அவருடைய சீதன உறுதி. இப்பொழுது தம் மகளுக்கு அக்காணியை எழுதிக்கொடுக்க வேண்டும். கணவரோ 2009 ஆம் ஆண்டிலே காணாமற்போனவர். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. இவ்விதியைத் திருத்த வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலித்துவருகின்றது. கையொப்பமிட வேண்டியவர் எங்கிருக்கின்றார் என்பதே தெரியாதபோது அந்தத் தாய் யாரிடம் சம்மதம் கேட்பார்?

கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து, மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அதன் அனுமதியைப் பெறுவதற்கு அதே கட்டளைச்சட்டத்தில் வழியுண்டு. காணாமற்போனவர்களின் குடும்பத்தார், மரணச் சான்றிதழை ஏற்க மனமின்றி நிற்கும் நிலையில், அவர் காணாமற்போயுள்ளார் என்பதைக் காட்டும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. இவ்விரண்டையும் அத்தாய்க்கு எவரும் தமிழில் எடுத்துக் கூறியிருக்கவில்லை. எம் மாணவி கூறினாள். "செத்துப்போனார் என்று எழுத வேண்டாமோ, பிள்ளை?" என்று அவர் இருமுறை கேட்டாராம். "வேண்டாம் அம்மா" என்று இவள் சொன்னபோது, அவர் இவளுடைய கையைப் பற்றியபடி நெடுநேரம் இருந்தாராம்.

"அந்த மரணச் சான்றிதழ்தான் அவ்வுக்குப் பெரிய பயமாயிருந்தது, சேர். காணியில்லை" என்று கூறிவிட்டு அவள் நிறுத்தினாள்.

நாட்டின் சட்டம் ஏடுகளில் உறங்குவதனால் ஒருவருக்கும் பயனில்லை. அது, தேவையுள்ளவரின் செவிக்கு, அவருடைய மொழியில், உரிய காலத்தில் சென்று சேர வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றங்களின் மொழி தமிழாக இருத்தற்கு 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் இடமளித்தது. ஆயினும் சட்டத்தீர்ப்புகளும் நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிராகரித்தமையும் நாம் அறிந்ததே. ஆங்கிலத்தில் ஆழ்ந்து கற்று, தமிழில் தெளிந்து உரைக்க வல்ல பிள்ளைகளே நமக்கு வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவோர் பாதி வழியிலேயே நின்றுவிடுவர். இதனை அறிந்தமையாலேயே எம் மாணவி தன் நூற்குறிப்புகளை இரு மொழியிலும் எழுதி வருகின்றாள்.

எனினும், தந்தையாரின் கவலையை நாம் புறந்தள்ளவில்லை. அவருக்கு உண்மையையே கூறினோம். இளமாணிப் பட்டம் நான்கு ஆண்டுகள். அதன்பின் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டும். சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற வேண்டும். உயர் நீதிமன்றத்திலே சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அதற்குப் பின்னரும் முதற் சில ஆண்டுகள் வருமானம் மெலிந்தே இருக்கும். தனக்கென வழக்குகள் வரும்வரை மூத்தவரின் கோப்புகளைச் சுமந்து நிற்க வேண்டும். கனடாவுக்குச் சென்றால் இதே காலத்துக்குள் அவள் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிடுவாள் என்பதும் மெய்யே. தோட்டத்தை நம்பி வாழும் ஒரு மனிதரிடம் இவற்றை மறைத்து, சேவை, இலட்சியம் என்று மாத்திரம் பேசுவது நேர்மையன்று.

அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், எம்மை விட்டு மகளை நோக்கி, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "பிள்ளை, கொப்பப்பாவின்ரை வளவு தெரியுந்தானே. இடம்பெயர்ந்த நாள் தொட்டுப் பெரியப்பாவின்ரை ஆக்கள்தான் அதிலை இருக்கினம். பத்து வருடம் தாண்டிவிட்டால் காணி இருக்கிறவனுக்குத்தான் என்று சொல்லுகினம். எங்களுக்கு இனி அதிலை ஒன்றும் இல்லையோ?"

அவ்வினாவை அவர் எத்தனை ஆண்டுகளாக நெஞ்சிற் சுமந்திருந்தாரோ யாமறியோம். மகள் உடனே விடை கூறவில்லை. வளவு யார் பெயரில் இருந்தது, பங்கிடப்பட்டதா, பெரியப்பாவோடு எழுத்தில் ஏதேனும் உண்டா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். பின்னர் நிதானமாக விளக்கினாள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி பத்தாண்டு ஆட்சி என்பது உரிமையாளருக்கு எதிரான, இடையறாத ஆட்சியாக இருத்தல் வேண்டும். கூட்டுரிமையாளர்களுள் ஒருவர் காணியில் இருப்பது, ஏனையோரின் சார்பில் இருப்பதாகவே கருதப்படும். அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து ஒதுக்கியமை நிறுவப்பட்டாலன்றி, ஆண்டுகள் கழிவதனால் மாத்திரம் பங்கு அழியாது. கோரியா எதிர் அப்புஹாமி என்னும் வழக்கிலே 1911 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோமறைக் கழகம் வகுத்த நெறி இது.

"அப்ப எங்களுக்குப் பங்கு இருக்கு?" என்று தந்தையார் ஆவலோடு கேட்டார்.

"உறுதியைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அப்பா. பார்த்தாலும் நான் இன்னும் மாணவிதான். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத்தான் முடிவு சொல்லலாம். அதோடு, வழக்குக்குப் போக முதல் பெரியப்பாவோடை ஒருக்கால் இருந்து கதையுங்கோ. அவைக்கும் வேறு வீடு இல்லை" என்றாள் அவள்.

இந்த விடையைக் கேட்டபோது எமக்கு ஐயம் யாவும் தீர்ந்தன. சட்டம் கற்ற அரைகுறை ஒருவர், "வழக்குப் போடுவோம், வெல்லுவோம்" என்று கூறியிருப்பார். இவளோ அறிந்ததைக் கூறினாள். அறியாததற்கு எல்லை கட்டினாள். உரிமையைச் சுட்டிக்காட்டிய அதே மூச்சில் உறவையும் நினைவூட்டினாள். நல்ல சட்டத்தரணிக்குரிய மூன்று இலக்கணங்களும் இவையே. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்கும் நீதிபதிகட்கும் மாத்திரமன்று. தன் தந்தைக்கே ஆலோசனை கூறும் மகளுக்கும் அது பொருந்தும்.

தந்தையார் அன்று உறுதியாக எதனையும் கூறிச் செல்லவில்லை. புறப்படும்போது, "மச்சானுக்கு நான் கதைக்கிறன், மாஸ்டர். படிப்பை முடிக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று மாத்திரம் கூறினார். ஒரு கமக்காரரின் வாயில் "பிறகு பார்ப்போம்" என்பது விதை போட்டாயிற்று என்பதற்கு ஒப்பாகும் என நாம் கொள்கின்றோம்.

இதனை வாசிக்கும் பெற்றோருக்குக் கூற விரும்புவது இதுவே. பிள்ளை தேர்ந்த துறையைப் பற்றித் தீர்மானிக்குமுன், அத்துறையிலே அது என்ன கற்றது, யாரிடம் சென்றது, எதைக் கண்டு மனம் நொந்தது என்று ஒரு மாலைப்பொழுதாவது இருந்து கேளுங்கள். உங்கள் சொந்தக் கவலையொன்றை அதன் முன் வைத்து, அது எவ்வாறு விடையளிக்கின்றது என்று பாருங்கள். பரீட்சைப் பெறுபேறு காட்டாததை அந்த விடை காட்டிவிடும்.

சட்டம் கற்க விழையும் மாணவர்க்கும் ஒரு வார்த்தை. கறுப்பு அங்கியும் மக்கள் தரும் மரியாதையும் பின்னர் வருவன. முன்னர் வர வேண்டியவை மொழித் தேர்ச்சியும் பொறுமையும் பிறர் துயரைக் கேட்கும் செவியுமாம். தமிழைச் செம்மையாகக் கற்றுக்கொள்ளுங்கள்; ஆங்கிலத்துக்கு அஞ்சாதீர்கள்; இயலுமாயின் சிங்களத்தையும் பயிலுங்கள். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலுள்ள பழைய உறுதியை ஒரு நாள் எடுத்து, வடக்கு எல்லை யாது, கிழக்கு எல்லை யாது என்று பெரியோரிடம் கேட்டு வாசியுங்கள். சட்டக்கல்விக்கு அதுவே நல்ல அரிச்சுவடி.

நீதிமன்றப் படியேறுவதை நம் பெரியோர் அஞ்சியது, அங்கே தமக்காகப் பேசுவோர் எவர் என்று அறியாமையினாலேயே. அப்படிகளில் நம் பிள்ளைகள் தெளிந்த அறிவோடும் தூய கையோடும் ஏறி நிற்பார்களாயின், பொலித்தீன் பையில் உறுதியைச் சுமந்து வரும் தாய்மாருக்கு அந்த அச்சம் சிறிதாவது குறையும்.